றோட்டில ஏன் நடக்கோணும்?

கேள்வி மாமாவுடையது. ஒரு காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். ஓய்வு பெற்றபின் பின்னேரங்களில் உட்துறைமுக வீதிப் பக்கமாக நடந்து வந்து, கடையில் சீனி குறைத்து ஒரு பிளேன்ரீ சொல்லிவிட்டு, யார் அகப்பட்டாலும் பிடித்து இருத்திவிடுவார். இந்தமுறை அகப்பட்டது நான். கொழும்பில் வேலை செய்யும் பேரன் போனில் அனுப்பிய படம் ஒன்றைக் காட்டினார். நீளமான வானவில் துணியின் விளிம்பை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு ஒரு கூட்டம் வீதியால் போகிறது. சிலர் சிரிக்கிறார்கள். சிலர் தொப்பியை இழுத்து முகத்தை மறைத்திருக்கிறார்கள்.

“அவங்கள் வீட்டுக்குள்ள எப்பிடியும் இருந்திட்டுப் போகட்டும் தம்பி. நான் ஒண்டும் சொல்ல மாட்டன். இதை ஏன் றோட்டுக்குக் கொண்டு வாறாங்கள்?”

இப்படிக் கேட்பவர்களில் பெரும்பாலானோர் நல்ல மனிதர்கள். வெறுப்பில் கேட்பதில்லை, தங்களுக்குத் தெரிந்த ஒரு பெருந்தன்மையில் நின்றுதான் கேட்கிறார்கள். அதனால் அவசரப்படாமல் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இன்னொரு தேத்தண்ணி சொன்னேன்.

முதலில் சட்டத்தில் இருந்து தொடங்கினேன். மாமா பைல்களோடு வாழ்ந்தவர், பிரிவு இலக்கம் சொன்னால்தான் காது கொடுப்பார். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883இல் வெள்ளைக்காரன் இயற்றியது. அதன் 365ஆம் பிரிவு ‘இயற்கை ஒழுங்குக்கு மாறான’ உடலுறவைக் குற்றம் என்கிறது. 10 ஆண்டு வரை சிறை. 365அ பிரிவு ‘படுமோசமான அநாகரிகச் செயல்’ பற்றியது. 2 ஆண்டு வரை. அந்த அநாகரிகம் எது என்று எந்த வரைவிலக்கணமும் அங்கே கிடையாது. ஆனால் ஒன்று தெளிவாக இருக்கிறது: பகிரங்கமாக என்றாலும் சரி, தனிமையில் என்றாலும் சரி, குற்றம் குற்றமே. வயது வந்த ஒரே பாலினத்தவர் இருவர் விரும்பி, கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தாலும் அதே.

அப்படியானால் மாமா சொல்லும் ஏற்பாடு தலைகீழாக அல்லவா இருக்கிறது? வானவில் கொடியைப் பிடித்துக்கொண்டு வீதியில் நடப்பதை இந்த நாட்டில் எந்தப் பிரிவும் குற்றமாக்கவில்லை. குற்றமாக்கியிருப்பது வீட்டுக்குள் இருப்பதைத்தான். நாங்கள் பெரிய மனதோடு ‘வீட்டுக்குள்ள இருக்கட்டும்’ என்று விட்டுக்கொடுக்கிற அந்த இடத்தைச் சட்டம் 140 வருசமாக விட்டுக்கொடுக்கவில்லை. வீட்டுக்குள் நிம்மதி இல்லாதவன்தான் வெளியே வந்து கேட்கிறான்.

மாமா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “ஆனா இது வெள்ளைக்காரன்ர பழக்கம் தானே?” என்றார்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் திருகோணமலையைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. கடை வாசலில் நின்றாலே தண்ணீர் தெரியும். அந்தத் தண்ணீருக்காகத்தான் போர்த்துக்கேயன், ஒல்லாந்தன், பிரெஞ்சுக்காரன், ஆங்கிலேயன் என்று வரிசையாக வந்து அடிபட்டார்கள். கடைசியாக இருந்தது பிரித்தானியக் கடற்படை. நாடு 1948இல் சுதந்திரம் பெற்ற பிறகும் அவர்கள் இங்கே இருந்தார்கள். 1957 ஒக்டோபரில்தான் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். மாமா அப்போது சின்னப் பொடியன். தளம் மூடியதால் வேலை போன குடும்பங்களின் கதையெல்லாம் அவருக்குத் தெரியும்.

அவருக்குத் தெரியாதது அதே மாதங்களில் லண்டனில் நடந்தது. தளத்தை ஒப்படைப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, 1957 செப்டெம்பர் 4ஆம் திகதி, வொல்ஃபென்டன் குழு என்ற அரசாங்கக் குழு அங்கே ஓர் அறிக்கை வெளியிட்டது. வயது வந்த ஆண்கள் இருவர் தனிமையில், விருப்பத்தோடு செய்வதில் குற்றவியல் சட்டத்துக்கு வேலையில்லை, அதைச் சட்டத்திலிருந்து நீக்குங்கள் என்பது அந்த அறிக்கையின் பரிந்துரை. பத்து வருசம் இழுபட்டு 1967இல் இங்கிலாந்து அதை நீக்கியது. அப்போதும் படைகளுக்கும் வணிகக் கப்பல்களுக்கும் விலக்கு வைத்தார்கள். கடற்படையில் இருந்தால் தொடர்ந்து குற்றம்தான். பிறகு படையில் இருந்து துரத்தப்பட்ட நான்கு பேர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். அவர்களில் இருவர் கடற்படைக்காரர். 1999இல் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. 2000 ஜனவரியில் தடை விலகியது.

ஆக, கப்பலில் ஏறிப் போனவன் தன் சட்டத்தைத் தன் ஊரில் கிழித்துப் போட்டுவிட்டான். எங்களுக்கு விட்டுப்போன பிரதி மட்டும் பத்திரமாக இருக்கிறது. 2018 ஏப்ரலில் பிரித்தானியப் பிரதமர் தெரேசா மே, குடியேற்ற காலத்தில் தங்கள் நாடு இந்தச் சட்டங்களைப் புகுத்தியது தவறு என்று பொதுநலவாய நாடுகளின் கூட்டத்தில் வெளிப்படையாகவே வருத்தம் தெரிவித்தார். எங்கள் ஊரில் வெள்ளைக்காரன் விட்டுப்போன எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றி எத்தனை வருசம் எத்தனை பேச்சுவார்த்தை! யாருக்குச் சொந்தம், யார் பாவிப்பது என்று இந்தியா வரை ஒப்பந்தம் போனது. அவன் விட்டுப்போன 365ஆம் பிரிவை மட்டும் ‘எங்கள் கலாசாரம்’ என்று எழுதிக்கொண்டோம்.

“அப்ப எங்கட ஆக்களுக்குள்ள இது முந்தி இருந்ததோ?”

இருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம், கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உளுந்தூர்பேட்டைக்குக் கிட்ட கூவாகம் என்று ஒரு கிராமம். சித்திரை மாதம் கூத்தாண்டவர் திருவிழா. பாரதப் போருக்குக் களப்பலியாகப் போகும் அரவானுக்கு ஒரு நாளாவது மணவாழ்க்கை வேண்டும். மோகினி வடிவெடுத்து வந்து கண்ணனே அவனை மணந்துகொள்கிறான். அந்த மணத்தை ஒவ்வொரு ஆண்டும் திருநங்கையர் தாங்களே நடத்துகிறார்கள். பட்டுச்சேலை, மல்லிகைச் சரம், கை நிறைய வளையலோடு வரிசையில் நின்று பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள். இரவு முழுக்கக் கும்மியும் பாட்டும். விடிந்தால் அரவானின் தேர் புறப்படும். தேர் அழிகளம் போய்ச் சேர்ந்ததும் தாலி அறுபடும், வளையல் உடையும், எல்லாரும் வெள்ளைச்சேலைக்கு மாறி ஒப்பாரி வைப்பார்கள். இந்தியா முழுவதிலும் இருந்து ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். ஊர்ச்சனம் இடம் கொடுக்கிறது, கடை போடுகிறது, தேர் இழுக்கிறது. இதை நான் புனிதப்படுத்திச் சொல்லவில்லை. அந்த இரண்டு நாள் கழிந்தால் அதே சனம் அவர்களுக்கு வாடகைக்கு வீடு கொடுக்கத் தயங்கும். ஆனாலும் பகிரங்கமாக, வீதியில், மேளத்தோடு நடக்கிற விழா என்பது நியூயோர்க்கில் இருந்து இறக்குமதியான யோசனை அல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நியூயோர்க் கதையையும் சுருக்கமாகச் சொன்னேன். 1969 ஜூன் 28 அதிகாலை ஸ்டோன்வோல் என்ற மதுச்சாலையில் பொலிஸ் புகுந்தது. வழக்கமாகப் புகும், பிடிக்கும், பெயரைப் பத்திரிகைக்குக் கொடுக்கும். அன்று உள்ளே இருந்தவர்கள் அடங்கவில்லை. சில நாள் கலவரம். அடுத்த வருசம் அதே திகதியில் அதை நினைத்து ஊர்வலம் போனார்கள். ஜூனைப் ‘பெருமை மாதம்’ (பிரைட்) என்பது அதனால்தான். வானவில் கொடியை 1978இல் சான் பிரான்சிஸ்கோவில் கில்பேர்ட் பேக்கர் செய்தார். முதலில் 8 நிறம், பிறகு 6 ஆகியது. இந்தியாவில் முதல் நடை 1999 ஜூலை 2ஆம் திகதி கல்கத்தாவில், போனது 15 பேர். சென்னையில் 2009 ஜூன் 28 மெரீனாவில் தொடங்கியது. அங்கே அதை ‘வானவில் சுயமரியாதைப் பேரணி’ என்கிறார்கள். பெரியார் நடந்த ஊரில் வேறென்ன பெயர் வைப்பார்கள்.

எங்கள் நாட்டில் 2004இல் ரொசானா ஃப்ளேமர்-கல்டேரா ‘ஈக்வல் கிரவுண்ட்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். அடுத்த வருசமே கொழும்பு பிரைட் வந்தது. ஆரம்ப வருசங்களில் அது பெரும்பாலும் சுவர்களுக்குள்: திரைப்பட விழா, படக் கண்காட்சி, அழைப்பு உள்ளவர்களுக்கு மட்டும் விருந்து. வெளியே நடந்ததில் எனக்குப் பிடித்தது பட்டம் விடும் விழா. கடற்கரையில் வானவில் நிறப் பட்டம் விடுவார்கள். யாரும் வரலாம், பிள்ளைகளும் வரலாம். பட்டத்தின் நூல் யார் கையில் என்று தூரத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. பயந்த காலத்துக்கு அது கெட்டித்தனமான யோசனை.

2022 ஜூன் 25 வேறு மாதிரி. காலிமுகத்திடலில் ‘கோட்டா கோ கம’ என்று சனம் கொட்டில் போட்டிருந்த நேரம். பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசை, பால்மா இல்லை, மின்சாரம் இல்லை. அந்தப் போராட்டக்களத்திலேயே வானவில் பேரணி நடந்தது. நாடு தழுவிய போராட்டம் ஒன்றின் நடுவே, இவ்வளவு வெளிப்படையாக அவர்கள் நடந்தது அதுவரை இல்லாதது. இரண்டு வாரம் கழித்து ஜனாதிபதி மாளிகைக்குள் சனம் புகுந்தது வேறு கதை. யாழ்ப்பாணத்திலும் இந்தச் சில வருசங்களில் திருநங்கையரும் அவர்களோடு நிற்பவர்களும் சுயமரியாதை நடை போயிருக்கிறார்கள். கொழும்பில் கூட்டத்தில் மறையலாம். யாழ்ப்பாணத்தில் வீதியோரம் நிற்பவர் உங்கள் ரியூசன் வாத்தியாராகவோ பெரியம்மாவாகவோ இருக்கலாம். இரண்டுக்கும் வேண்டிய துணிவு ஒன்றல்ல.

“சரி, சட்டம் இருக்கட்டும். அதில ஆரையும் பிடிச்சு அடைச்ச மாதிரிக் கேள்விப்படேல்லையே.”

தண்டனை வரை போன வழக்கு குறைவு என்பது சரி. 2016இல் உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில் நீதிபதிகள், வயது வந்தோர் விரும்பிச் செய்வதைக் குற்றமாக்குவது இன்றைய சிந்தனைக்கு ஒவ்வாது என்ற தொனியில் எழுதிவிட்டு, ஆனாலும் சட்டம் இருக்கிறதே என்று தீர்ப்பை உறுதிசெய்து, சிறைத்தண்டனையை மட்டும் ஒத்திவைத்தார்கள். அந்த அளவுக்கு நீதிமன்றத்துக்கே சங்கடம். ஆனால் பயன்படுத்தாத சட்டம் சும்மா கிடக்கிறது என்று நினைக்கக்கூடாது. கையெழுத்துப் போட்டு, திகதி போடாமல் வேறொருவனிடம் கொடுத்து வைத்த காசோலை அது. வங்கிக்குப் போக வேண்டியதே இல்லை, காட்டினாலே போதும். போனில் இருக்கும் ஒரு படத்தை வைத்துக் காசு கேட்கலாம். வீட்டுக்காரன் வாடகை முற்பணத்தைத் திருப்பிக் கொடுக்காமல் துரத்தலாம். அடி வாங்கியவன் முறைப்பாடு கொடுக்க பொலிசுக்குப் போக மாட்டான், ஏனென்றால் முதல் கேள்வியே ‘நீ அங்க என்ன செய்துகொண்டிருந்தனீ’ என்பதாக இருக்கும். பிடித்தவர்களுக்கு நடந்ததும் சின்ன விசயமில்லை. 2017க்குப் பிறகு குறைந்தது 7 பேரை நீதிமன்ற உத்தரவோடு கட்டாய உடல் பரிசோதனைக்கு உட்படுத்தினார்கள் என்று ஈக்வல் கிரவுண்டும் மனித உரிமைகள் கண்காணிப்பகமும் 2020இல் வெளிக்கொண்டு வந்தன. என்ன பரிசோதனை என்று மாமாவிடம் அந்தக் கடையில் வைத்து நான் விரித்துச் சொல்லவில்லை. இங்கும் சொல்லப்போவதில்லை.

பெண்கள் கதை இன்னும் வினோதம். 365அ முதலில் ஆண்களை மட்டுமே சொன்னது. 1995இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தினார்கள். நீக்கச் சொல்லிக் கேட்ட குரல்கள் இருந்தன. பாராளுமன்றம் நீக்கவில்லை, ‘ஆண்’ என்று இருந்ததை ‘ஆள்’ என்று மாற்றி, பெண்களையும் உள்ளே சேர்த்தது. பாலினச் சமத்துவம் என்றால் இப்படியும் ஒன்று இருக்கிறது. ரொசானா ஐ.நா.வின் பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் குழுவிடம் போனார். இந்தச் சட்டம் அவருடைய உரிமையை மீறுகிறது என்று 2022இல் அந்தக் குழு சொன்னது.

மாமா தன் சட்டைப்பையில் இருந்து பேர்ஸை எடுத்தார். காசு கொடுக்கத்தான். அதற்குள் இருந்த அடையாள அட்டையைக் கேட்டு வாங்கினேன். யுத்த காலத்தில் ஒரு நாளைக்கு எத்தனை சோதனைச்சாவடியில் நீட்டியிருப்பார், ஆனால் அந்த இலக்கத்தைப் பிரித்துப் பார்த்ததில்லை. பழைய அட்டையில் முதல் இரண்டு எண் பிறந்த வருசம். அடுத்த மூன்று எண் அந்த வருசத்தின் எத்தனையாவது நாள் என்பது. ஜனவரி 1 பிறந்த ஆணுக்கு 001. அதே நாளில் பிறந்த பெண்ணுக்கு 501. பெண் என்றால் 500 கூட்டுவார்கள். 12 இலக்கப் புது அட்டையிலும் அதே கணக்குத்தான். “இவ்வளவு நாளும் தெரியாதடா,” என்று மாமா தன் இலக்கத்தையும் மாமியின் இலக்கத்தையும் கணக்குப் பார்த்தார்.

இப்போது ஒரு திருநங்கையை நினைத்துப் பாருங்கள் என்றேன். சேலை உடுத்து, பொட்டு வைத்து, பஸ்ஸில் வருகிறாள். சாவடியில் இறக்கி அட்டை கேட்கிறார்கள். படத்தில் ஒரு பொடியன். பெயர் ஆண் பெயர். அதை மறைத்தாலும் இலக்கத்தின் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது எண் காட்டிக்கொடுத்துவிடும். ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது என்று தண்டனைச் சட்டத்தில் 399ஆம் பிரிவு இருக்கிறது. 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் என்று இன்னொன்று. இரண்டையும் இவர்கள் மேல் பாவித்திருக்கிறார்கள். எல்லாருக்கும் ஐந்து நிமிசத்தில் முடிந்த சோதனை இவர்களுக்கு அப்படி முடியவில்லை. 2016இல் சுகாதார அமைச்சும் பதிவாளர் நாயகமும் சுற்றறிக்கை விட்டு ஒரு வழி திறந்தார்கள்: மனநல வைத்தியர் உறுதிப்படுத்தினால் பாலின அங்கீகாரச் சான்றிதழ் கிடைக்கும், அதைக் காட்டிப் பிறப்புச் சான்றிதழைத் திருத்தலாம். இது நல்ல காரியம், சொல்லத்தான் வேண்டும். இந்தியாவுக்குப் பெருமை பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஆனால் அதே திருநங்கை ஓர் ஆணை விரும்பி வாழ்ந்தால், 365 அவள் தலைக்கு மேலேயே நிற்கும்.

இனித்தான் முக்கியமான இடம். மாமா கேட்காவிட்டாலும் நானே சொல்லியிருப்பேன். ‘இந்தியாவில் நீதிமன்றம் போய் இதே மாதிரியான 377ஆம் பிரிவை 2018இல் எடுத்துவிட்டார்கள். இங்கேயும் வழக்குப் போடலாமே, ஊர்வலம் எதற்கு?’ என்று படித்தவர்களும் கேட்கிறார்கள். போட முடியாது. எங்கள் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை, அதற்கு முன் இருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லுபடியாகும் என்கிறது. நிறைவேறிவிட்ட சட்டத்தை நீதிமன்றம் பிறகு கேள்வி கேட்க முடியாது என்று 80ஆம் உறுப்புரை கதவைச் சாத்துகிறது. 1883ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இரட்டைப் பூட்டு. நீதிபதி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் 2016இல் நடந்ததுபோல வருத்தம் தெரிவிக்கலாம், நீக்க முடியாது.

நீக்கக்கூடியது பாராளுமன்றம் மட்டும். 2022 ஓகஸ்டில் பிரேம்நாத் சி. தொலவத்த என்ற உறுப்பினர் தனிநபர் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதை எதிர்த்துச் சிலர் உயர் நீதிமன்றம் போனார்கள். நிறைவேறுவதற்கு முன் ஒரு சட்டமூலத்தைப் பரிசீலிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. 2023 மே மாதம் பதில் வந்தது: குற்றமல்லாததாக்குவது அரசியலமைப்புக்கு எந்த விதத்திலும் முரணல்ல, சாதாரணப் பெரும்பான்மை போதும். கலாசாரம் அழியும், நோய் பரவும் என்று சொல்லப்பட்ட வாதங்கள் எடுபடவில்லை. நீதிமன்றம் தன்னால் முடிந்த கதவைத் திறந்துவிட்டது. பாராளுமன்றம் அதற்குள் நுழையவில்லை. 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைந்தது, சட்டமூலமும் செத்தது.

ஏன் நுழையவில்லை? இரகசியமாகக் கேட்டால் பல உறுப்பினர்கள் ஆதரவு என்பார்கள். கையை உயர்த்தச் சொன்னால், என் தொகுதியில் அப்படி யாரும் இல்லையே என்பார்கள். ஊர்வலத்தின் வேலை அந்த வாக்கியத்தை உடைப்பதுதான். இந்தியாவில் ஐந்து நீதிபதிகளுக்கு அரசியலமைப்பை வாசித்துக் காட்டினால் போதுமாக இருந்தது. இங்கே 225 பேருக்கு ஆட்களைக் காட்ட வேண்டியிருக்கிறது. வீட்டுக்குள் இருப்பவர்களை யாரும் எண்ணுவதில்லை. பாட்டும் கூத்தும் உடுப்பும் எனக்கும் எல்லாம் பிடிக்கும் என்றில்லை. சத்தமான பெட்டி வைத்துப் போடுகிற பாட்டு எந்த ஊர்வலத்திலும் எனக்குத் தலைவலி. ஆனால் அதை வைத்துத் தள்ளிவிட நான் தயாரில்லை.

இப்படியான ஒரு பேரணியில் போய் நின்று பார்த்திருக்கிறேன். நடுவில் கொடியோடு ஆடுபவர்களைத்தான் கமராக்கள் பிடிக்கும். என் கண் போனது நடைபாதைக்கு. அங்கே ஊர்வலத்தின் வேகத்திலேயே, ஊர்வலத்துக்குள் வராமல், கடைப் பக்கமாக நடந்துகொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். கையில் சொப்பிங் பை, காதில் போன். யாராவது தெரிந்தவர் கண்டால் ‘சாமான் வாங்க வந்தனான்’ என்று சொல்லலாம். ஊர்வலம் நின்றால் அவர்களும் ஒரு கண்ணாடி அலுமாரிக்கு முன் நிற்பார்கள். ஒருவர் மட்டும், வயது நாற்பதுக்கு மேல் இருக்கும், முடியப்போகும் இடத்தில் நடைபாதையை விட்டு இறங்கிக் கொடித்துணியின் ஓரத்தைக் கொஞ்சத் தூரம் பிடித்துக்கொண்டு வந்தார். பிறகு விட்டுவிட்டு பஸ் பிடிக்கப் போய்விட்டார்.

அதனால்தான் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரேயொரு கட்டாய விதி சொல்வேன்: கேட்காமல் படம் எடுக்கக்கூடாது, எடுத்தாலும் முகம் தெரிய முகநூலில் போடக்கூடாது. மாமாவின் பேரன் அனுப்பியதும் முகம் தெரிந்த படம்தான். அதை நீக்கச் சொன்னேன், எப்படி நீக்குவது என்று தெரியாமல் போனை என்னிடமே தந்தார். மற்றபடி, வந்தவர்களிடம் ‘நீங்கள் எந்த வகை’ என்று கேட்க வேண்டியதில்லை. தாய் தகப்பன் வருகிறார்கள், கூட வேலை செய்கிறவர்கள் வருகிறார்கள், சும்மா பார்க்க வந்தவர்களும் உண்டு. போனதால் பொலிஸ் பிடிக்காது. நடப்பது குற்றமில்லை என்று முன்பே சொல்லியாயிற்று.

“எங்கட ஊரில நடக்குமோ?”

கஷ்டம். பொலிஸ் கட்டளைச் சட்டப்படி பொது இடத்தில் ஊர்வலம் போவதென்றால் குறைந்தது 6 மணி நேரத்துக்கு முன் கிட்டடிப் பொலிஸ் நிலையத்துக்கு அறிவிக்க வேண்டும். கொழும்பில் அது ஒரு கடிதம். இங்கே அந்தக் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பவன் இன்னாரின் மகன் என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியும். பின்னேரத்துக்குள் கதை உப்புவெளி தாண்டிவிடும்.

அதோடு திருகோணமலை வீதி லேசுப்பட்ட வீதியல்ல. 1624இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்ததே, சித்திரை வருசப் பிறப்பன்று சுவாமி நகர்வலம் போயிருந்த நேரத்தில் என்றுதான் பரம்பரையாகச் சொல்கிறார்கள். இன்றும் சிவராத்திரி கழிந்து கோணேசர் நகர்வலம் வரும்போது வாசலுக்கு வாசல் நிறைகுடம் வைப்பது பக்திக்காக மட்டுமல்ல. இந்த வீதி எங்களுடையதும்தான் என்று சொல்வதற்காகவும். பெரகரா போகிறது, மாதா சுருவம் போகிறது, பத்திரகாளி தேர் போகிறது. 2005 மே மாதம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட இரவோடு இரவாக ஒரு புத்தர் சிலை முளைத்ததற்கு ஊர் நாட்கணக்காகக் கடையடைத்தது மாமாவுக்கு மறக்காது. 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் நின்ற 5 மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட ஊர் இது. மகன் ஒரு கூட்டத்தில் போய் நிற்கிறான் என்றால் இங்கே தாய்க்கு வரும் முதல் பயம் மானத்தைப் பற்றியதல்ல, உயிரைப் பற்றியது. அந்தப் பயத்தைப் ‘பிற்போக்கு’ என்று கொழும்பில் இருந்து சொல்லிவிட்டுப் போவது சுலபம்.

அதனால் இப்போதைக்கு இங்கிருந்து போக விரும்புகிறவர்கள் இரவு ரெயிலில் கொழும்புக்குப் போய் வருகிறார்கள். எங்கள் பக்கத்தில் ஜூன் மாதத்துக் கச்சான் காற்றிலும் வெயிலிலும் பகலில் நடப்பதும் சாமானியமில்லை என்று மாமா ஒரு பகிடி விட்டார். பேரணி வேண்டுமென்று நானும் அடம்பிடிக்கவில்லை. பட்டம் விடலாம், டச்சு பேயில் காற்றுக்குக் குறைவில்லை. ஒரு நூலக மண்டபத்தில் படம் போட்டுக் கதைக்கலாம். எங்களுக்குத்தான் இப்படித் தயக்கம். நிலாவெளி விடுதியில் இரண்டு வெள்ளைக்கார ஆண்கள் ஒரே அறை எடுத்தால் யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. 2025 செப்டெம்பரில் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை இவர்களையும் பயணிகளாக வரவேற்கும் திட்டமொன்றுக்கு ஆதரவுக் கடிதம் கொடுத்தது. மதத் தலைவர்கள் எதிர்த்தார்கள். எனக்குக் கோபம் வந்தது வேறு காரணத்துக்கு. டொலரோடு வருகிறவனுக்கு வரவேற்பு. இங்கே பிறந்தவனுக்கு 365.

மாமா தன் நிலையை விட்டு முழுக்க இறங்கவில்லை. “சட்டத்தை எடுக்கட்டும், அது சரி. ஆனா இந்த ஆட்டம் பாட்டம் எனக்குச் சரி வராது,” என்றார். அதில் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, அவர் ஆட வேண்டியதில்லை. கடைக்காரர் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனார். மாமா 225 என்ற எண்ணில் நின்றுவிட்டார் போல. கொஞ்சம் யோசித்துவிட்டு, “எங்கட மாவட்டத்துக்கு நாலு ஆசனம். அந்த நாலு பேரும் இதில என்ன நிலைப்பாடு?” என்று கேட்டார்.

யாராவது கேட்டால்தானே சொல்வார்கள் என்றேன். அவர்களின் அலுவலகம் எந்தெந்த நாள் திறந்திருக்கும் என்று விசாரித்தார்.